பாடகர் போன பிறகு வந்த ஆல்பம்: இறந்தவரின் குரலுக்கு யார் இசையமைக்கலாம்?

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினால் வழியில் வருகிற ஊர் உடையார்பாளையம். பெரிய குளம், பயறணீசுவரர் கோயில், பழைய ஜமீன் அரண்மனை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஜமீனின் ஆதரவில் இருந்தவர் கனம் கிருஷ்ணையர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கனம்' பட்டம் மாதிரி தெரியும். உண்மையில் அது அவர் பாடிய முறையின் பெயர். அடிவயிற்றிலிருந்து எழுப்பிப் பாடும் கன மார்க்கம். அதைப் பழக ரொம்ப காலம் உழைக்கணும். துணிந்தவர்கள் குறைவு.

அந்தக் குரல் எப்படி இருந்தது? கேட்க வழியே இல்லை. எடிசன் போனோகிராப் கண்டுபிடித்தது 1877இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிருஷ்ணையர் காலமாகிவிட்டார். அவருடைய பதங்கள் மட்டும் மிஞ்சின. வீணை தனம்மாள் குடும்பத்தார் அவற்றைப் பாடிக் காப்பாற்றினார்கள். அவருடைய வாழ்க்கையை எழுதி வைத்தவர் உ.வே.சாமிநாதையர். உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர், உறவுக்காரரும்கூட. உ.வே.சா.வின் பிள்ளைப் பருவமும் அரியலூர், குன்னம், செங்கணம் என்று இந்த வட்டாரத்திலேயே நகர்ந்தது. ஆக உடையார்பாளையத்தில் பாட்டு தப்பித்தது, குரல் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே குரல் தப்பித்தது, பாட்டுதான் இல்லை. பாடகர் இறந்து ஏழு வருஷம் கழித்து அவருடைய நண்பர்கள் அந்தக் குரலுக்குப் பாட்டு செய்தார்கள். அது சரியா தப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஏஐ வந்த பிறகு அதே சண்டை தமிழ் சினிமா பாட்டுக்கும் வந்துவிட்டது. போனில் அப்பாயி பாடிய பாட்டை வைத்திருக்கிற பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பிறந்தநாளில் ஒரு ரெக்கார்டிங்

ஜிம் மாரிசன், 'தி டோர்ஸ்' ராக் குழுவின் பாடகர். 1960களின் கடைசியில் அமெரிக்காவையே ஆட்டிவைத்தவர். மேடையில் அவர் செய்த ரகளை அளவுக்கு வெளியே தெரியாத விஷயம், அவருக்குக் கவிஞராக அறியப்பட வேண்டும் என்ற ஆசை இருந்தது. கவிதைகளைச் சொந்தச் செலவில் அச்சடித்து வைத்துக்கொண்டார். 'ஆன் அமெரிக்கன் பிரேயர்' என்ற கவிதையை 1970இல் சில நூறு பிரதிகள் மட்டும் தனியாகப் போட்டார்.

1970 டிசம்பர் 8. அவருக்கு 27 வயது முடிகிற நாள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். குழு இல்லை. ஒலிப்பதிவாளர் ஜான் ஹேனி, கூடவே சில நண்பர்கள். கையில் காகிதக் கட்டு. மைக் முன்னால் நின்று வாசித்தார், பேசினார், நடுநடுவே முணுமுணுத்துப் பாடினார். முந்தைய வருஷம் மார்ச்சிலும் இதேபோல ஒருமுறை பதிவு செய்திருந்தார். இந்தப் பிறந்தநாள் பதிவுக்கு நாலு நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் நடந்ததுதான் அவர் டோர்ஸ் குழுவோடு பாடிய கடைசிக் கச்சேரி. 1971 மார்ச்சில் பாரீஸ் போனார். ஜூலை 3ஆம் தேதி அங்கேயே இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. வதந்திகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மீதி மூன்று பேர், கீபோர்டு ரே மன்சாரெக், கிட்டார் ராபி கிரீகர், டிரம்ஸ் ஜான் டென்ஸ்மோர். அவர் இல்லாமலே இரண்டு ஆல்பம் போட்டுப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 1973இல் குழு கலைந்தது. பிறகு ஹேனியிடம் இருந்த அந்த டேப்புகள்தான் மூவரையும் திரும்ப ஒரே அறைக்குக் கொண்டுவந்தன. 1978 நவம்பரில் 'ஆன் அமெரிக்கன் பிரேயர்' ஆல்பமாக வந்தது. அட்டையில் ஜிம் மாரிசன் பெயர், இசை தி டோர்ஸ்.

பேச்சுக்கு எப்படி இசை போடுவது?

பாட்டு செய்வதைவிட இது சிக்கலான வேலை. சாதாரணமாக முதலில் தாளம் வரும், அதன்மேல் மெட்டு, கடைசியில் குரல். இங்கே எல்லாம் தலைகீழ். குரல் ஏற்கெனவே டேப்பில் உறைந்துபோய் இருக்கிறது. அது எந்தத் தாளத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. ஒரு வரியில் வேகம், அடுத்த வரியில் இழுவை, நடுவில் மூச்சு, காகிதம் புரட்டும் இடைவெளி. "இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க" என்று கேட்கவும் ஆள் கிடையாது.

நமக்கு இது ரொம்ப அந்நியமும் இல்லை. கச்சேரியில் விருத்தம் பாடும்போது தாளம் கிடையாது. பாடுகிறவர் வார்த்தையின் போக்கில் போவார், வயலின் பின்னாலேயே நிழல் மாதிரி வரும், மிருதங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வசனம் பேசும்போது ஆர்மோனியம் அடியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒரே வித்தியாசம், கட்டியங்காரன் ஆர்மோனியக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், அவரும் புரிந்துகொள்வார். டோர்ஸ் குழுவுக்கு அந்தப் பார்வை கிடைக்கவில்லை.

அதனால் அவர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். சில இடங்களில் குரலை அப்படியே விட்டு, இசை அதன் பின்னால் நடந்தது. சில இடங்களில் டேப்பை வெட்டி, வரிகளைத் தாளத்துக்கு ஏற்ப நகர்த்தி ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் எடிட்டிங் இல்லாத காலம், எல்லாமே டேப்பிலேயே செய்ய வேண்டிய வேலை. பழைய டோர்ஸ் பாட்டுத் துணுக்குகள், மாரிசன் எடுத்த 'ஹெச்டபிள்யூஒய்' என்ற படத்தின் ஒலி, ஒரு மேடைப் பாட்டு, கடைசியில் அல்பினோனி பெயரில் அறியப்படும் 'அடாஜியோ' இசை எல்லாம் உள்ளே வந்தன. இசையில் 1978இன் வாடை தெளிவாகவே அடிக்கும். ஜாஸ், ஃபங்க் கலந்த தாளத்தின் மேல் 1970இன் குரல்.

கேட்டுப் பார்த்தால் முதல் சில நிமிடங்களில் உடம்பு சிலிர்க்கும், மறுக்க முடியாது. அதே சமயம், இந்தத் தாளம் அவர் கேட்டதே இல்லையே என்ற உறுத்தலும் கூடவே வரும்.

கோபப்பட்டது யார்?

டோர்ஸ் குழுவின் ஆரம்பகால ஆல்பங்களைத் தயாரித்த பால் ராத்சைல்டுக்கு இது பிடிக்கவே இல்லை. பிக்காசோ ஓவியத்தைத் தபால் தலை அளவுக்கு நறுக்கி ஒட்டியதற்கு இதை ஒப்பிட்டார் அவர். கவிஞனாகத் தனியே நிற்க விரும்பிய ஒருவனை மறுபடி ராக் பாடகன் ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் இந்தப் பக்கத்து வாதம். குழு இல்லாமல் அவர் தனியாகப் போய் பதிவு செய்ததே அதற்குச் சாட்சி என்பார்கள்.

மறுபக்கம் குழுவினர். வருஷக்கணக்கில் மேடையில் அவர் திடீர் திடீரென்று கவிதை சொல்லத் தொடங்கும்போது பின்னால் வாசித்தவர்கள் அவர்கள்தான். அவருடைய மூச்சு எங்கே நிற்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இதையும் தள்ளிவிட முடியாது. ஆல்பம் வராமல் இருந்திருந்தால் அந்த டேப்புகளை உலகம் எத்தனை வருஷம் கழித்துக் கேட்டிருக்கும் என்பதும் கேள்விதான்.

அனுமதி? மாரிசன் உயில் எழுதி வைத்திருந்தார், சொத்து முழுக்க துணைவி பமீலா கோர்சனுக்கு. 1974இல் பமீலாவும் இறந்துபோனார். அதன் பிறகு அவருடைய பெற்றோருக்கும் மாரிசனின் பெற்றோருக்கும் உரிமை பிரிந்தது. பமீலாவின் அப்பா இந்த ஆல்பத்தில் உடன் இருந்தார். அதாவது சட்டப்படி கையெழுத்துப் போட ஆள் இருந்தார், ஆனால் அவர் கவிஞரின் மாமனார் ஸ்தானத்தில் இருந்தவர். கவிதைக்கு என்ன தாளம் பொருந்தும் என்பதற்கு அந்தக் கையெழுத்து பதில் சொல்லாது. பின்னாளில் டோர்ஸ் பாட்டை கார் விளம்பரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று டென்ஸ்மோர் அடம்பிடித்ததும், குழுவின் பெயரை மற்ற இருவரும் பயன்படுத்தியதை எதிர்த்து மாரிசனின் வாரிசுகளோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போய் ஜெயித்ததும் தனிக்கதை. இறந்தவர் என்ன விரும்புவார் என்ற ஒரே கேள்விக்கு, கூட வாசித்த மூன்று பேரிடமே ஒரே பதில் இல்லை.

கேட்டுவிட்டுப் போனவர்

லெனர்ட் கோஹன் கதை வேறு மாதிரி. கனடாவின் கவிஞர், பாடகர். 2016 நவம்பர் 7இல் 82 வயதில் இறந்தார். கடைசி மாதங்களில் உடம்பு முடியாத நிலையில் வீட்டிலேயே குரலைப் பதிவு செய்தார். பாடல் என்பதைவிடப் பேச்சு என்றே சொல்லலாம், அந்த வயதில் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. முடிக்காமல் விட்டவற்றை முடித்துத் தரும்படி மகன் ஆடமிடம் கேட்டுக்கொண்டார். 2019 நவம்பரில் 'தேங்க்ஸ் ஃபார் த டான்ஸ்' வந்தது. தந்தையோடு மேடையில் வாசித்த ஸ்பானிய இசைக்கலைஞர் ஹாவியர் மாஸ் உள்பட அவருக்குத் தெரிந்த கைகளை மகன் தேடிப் பிடித்தார். இசை குரலுக்குப் பின்னால் ஓரமாக நிற்கும். இங்கே ராத்சைல்டு போல யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டுப் போனதால் வந்த நிம்மதி அது.

இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நாம் கேட்கிற ஒவ்வொரு சொல்லையும் அந்த மனிதரே, உயிரோடு, மைக் முன்னால் சொன்னார். இப்போது தமிழில் நடப்பது இந்த இடத்தில்தான் பிரிகிறது.

இங்கே நடந்தது

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' வெளியானது. 2022இல் இறந்த பம்பா பாக்யா, 1990களில் சாலை விபத்தில் இறந்த சாகுல் ஹமீது இருவரின் குரலிலும். இரண்டு பேரும் அந்த வரிகளைப் பாடவே இல்லை. வேறொருவர் பாடியதை ஏஐ மென்பொருள் அவர்கள் குரலாக மாற்றியது. விவாதம் கிளம்பியதும் ஏ.ஆர்.ரஹ்மான் விளக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், உரிய தொகையும் கொடுத்தோம் என்று.

அதே வருஷம் 'தி கோட்' படத்தில் பவதாரிணியின் குரல். அவர் ஜனவரி 25இல் இறந்திருந்தார். பாட்டுக்கு இசையமைத்தவர் தம்பி யுவன் சங்கர் ராஜா. அக்காவே பாடணும் என்று நினைத்த பாட்டு அது, அதற்குள் அவர் போய்விட்டார். கேட்டவர்கள் நிறைய பேர் அழுதார்கள். அனுமதி கொடுக்கிறவரும் கேட்கிறவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால் அந்தப் பாட்டைப் பற்றிச் சண்டை அதிகம் எழவில்லை.

எஸ்.பி.பி. விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அவர் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்ததற்கு, எங்களிடம் கேட்கவே இல்லை என்று மகன் எஸ்.பி.சரண் தரப்பு படக்குழுவுக்கும் இசையமைப்பாளருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தொழில்நுட்பத்தின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை, கேட்காமல் எடுத்ததுதான் பிரச்சினை.

சட்டம் எந்தப் பக்கம்?

நம்ம ஊர் சட்டம் பதிவுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. குரலுக்கு வேறு பதில்.

முதலில் பதிவு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் எழுதிய கவிதைக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருஷமும் உரிமை உண்டு. இறந்த பிறகே முதன்முதலில் வெளியானால், வெளியானதிலிருந்து 60 வருஷம். பாடியவருக்கு, பேசியவருக்கு 'நிகழ்த்துபவர் உரிமை' தனியாக இருக்கிறது, அது 50 வருஷம். ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. தன் படைப்பை யாராவது சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைப்பாளிக்கு உண்டு. அதை வாரிசுகளும் கையாளலாம் என்கிறது 57ஆவது பிரிவு. பாடகருக்கும் இதேபோன்ற உரிமையை 2012 திருத்தம் 38பி பிரிவில் கொடுத்தது, ஆனால் வாரிசுகளைப் பற்றி அங்கே வெளிப்படையாகப் பேச்சில்லை. ஆக மாரிசன் மாதிரி ஒருவர் அரியலூரில் டேப் விட்டுப் போயிருந்தால், அதை வெட்டி ஒட்டுவதை எதிர்த்து அவர் குடும்பம் கவிதையின் பெயரால் கேள்வி கேட்கலாம்.

குரலின் சாயலை மட்டும் எடுத்தால்? உயிரோடு இருப்பவருக்குப் பாதுகாப்பு வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுக்க பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டது. இறந்தவர் விஷயத்தில்தான் சிக்கல். ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்து தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவரின் அந்தரங்கமும் வாழ்நாளில் சம்பாதித்த புகழும் அவரோடு முடிந்துவிடும், அது வாரிசுச் சொத்தாக இறங்காது என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2021இல். சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் கிட்டத்தட்ட இதையே சொன்னது. இரண்டும் ஏஐ குரல் பற்றிய வழக்குகள் கிடையாது. ஆனால் நாளைக்கு ஒரு குடும்பம் குரலுக்காக வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது இவற்றைத்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024இல் எல்விஸ் பெயரிலேயே குரலுக்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டது. இங்கே அப்படி ஒன்று இல்லை. ரஹ்மான் குடும்பங்களிடம் கேட்டதை நல்ல நடைமுறை என்று சொல்லலாம். குரலுக்காகக் கேட்டே ஆகணும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.

போனில் இருக்கிற அப்பாயி

புகழ்பெற்றவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வக்கீல் இருக்கிறார். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடுகிறவர்களுக்கு? இன்றைக்கு அவர்கள் குரல் பேரப்பிள்ளைகளின் போனில் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது, யாரோ ஒருவர் பின்னணி இசை போட்டு ரீல்ஸ் ஆக்கிவிடுகிறார். மாரிசன் கதையின் சின்ன வடிவம்தான் இது, உயில், குழு எதுவும் இல்லாமல்.

சட்டத்தின் கண்ணில் போனில் பதிவு செய்த பேரன் தயாரிப்பாளர் ஆகலாம். பாடிய அப்பாயி நிகழ்த்துபவர், அவருக்கான 50 வருஷ உரிமை நாட்டுப்புறப் பாட்டுக்கும் உண்டு. வரிகளின் கதை வேறு. வழிவழியாக வந்த வரிக்கு ஆசிரியர் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனால் ஒப்பாரியில் பாதி வரி அந்த இடத்திலேயே பிறக்கிறது. செத்தவர் பெயர், அவர் கட்டிய வீடு, அவர் வைத்த மரம் எல்லாம் உள்ளே வரும். அந்த வரிகள் பாடியவருடையவை என்று வாதிட நிச்சயம் இடம் இருக்கிறது. ஆனால் இதற்காக யார் கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள்?

ஒப்பாரிக்குத் தாளம் கிடையாது என்பதையும் சொல்லணும். மூச்சும் விசும்பலும்தான் அதன் அளவு. அதன்மேல் நாலு மாத்திரை பீட் ஒன்றை வைத்தால், பாடியவர் இழுத்த இடம் எல்லாம் பிசகு மாதிரி கேட்கும். டேப்பை வெட்டியபோது ராத்சைல்டு எதற்குக் கத்தினார் என்று அப்போது புரியும்.

முன்கூட்டியே கேட்டு வைப்பதுதான் கோஹன் வீட்டில் நடந்தது. பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி, இதை யாரெல்லாம் கேட்கலாம், இசை சேர்க்கலாமா கூடாதா என்று அவர் வாயாலேயே ரெண்டு வார்த்தை சொல்ல வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்குச் சண்டை பாதி குறையும். ஆனால் ஒப்பாரிக்கு அதுவும் லேசில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று இருக்கிறது. "சும்மா ஒண்ணு பாடுங்க ஆயா, போன்ல ஏத்திக்கிறேன்" என்றால் "வாய்ல அடி, நல்ல நாளும் அதுவுமா" என்றுதான் பதில் வரும். அதனால் பதிவுகள் பெரும்பாலும் நிஜமான சாவு வீட்டிலேயே நடக்கின்றன. அங்கே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் அனுமதி கேட்க யாருக்கும் வாய் வராது. வீட்டுக்கு வெளியே, களத்துமேட்டிலோ வயல் வரப்பிலோ உட்காரவைத்துக் கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள். அங்கேயும் முதல் வரிக்கு முன்னால் யாரை நினைத்துப் பாடுவது என்று கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.